நேர்கோட்டின் சாய்வும் சமன்பாடும்

நேர்கோட்டின் சமன்பாடு யாது என்று வினவினால், உயர்நிலைப் பள்ளி மாணவன் “ஒய் சமம் எம் எக்ஸ் கூட்டல் சி” எனத் தயங்காது ஒப்பித்துவிடுவான். அதில் எம் எதனைக் குறிக்கிறது, சி எதனைக் குறிக்கிறது, இரண்டும் ஏன் வேண்டும் என்று கேட்டால் விடை எளிதில் வருவதில்லை. பொருள் உணராமல் மனப்பாடம் செய்த வாய்பாடு தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். மறவாதிருப்பினும் பிழைக்கே வழிகாட்டும். வீட்டிலுள்ள வெப்பமானியைக் கொண்டே இதனைத் தெளிவாக விளக்கலாம்.

இரு புள்ளிகள்

கடல்மட்டக் காற்றழுத்தத்தில் நீர் உறையும் நிலை செல்சியஸ் அளவையில் 0 பாகை, பாரன்ஹீட் அளவையில் 32 பாகை. நீர் கொதிக்கும் நிலை முன்னதில் 100, பின்னதில் 212. கட்டமிட்ட தாளில் செல்சியஸைக் கிடை அச்சிலும் பாரன்ஹீட்டை நிலை அச்சிலும் குறித்தால் (0, 32), (100, 212) என்னும் இரு புள்ளிகள் கிடைக்கும். அவற்றை அடிக்கோலால் இணைத்தால் ஒரு நேர்கோடு உண்டாகும்.

சாய்வு

கோட்டின் வழியே செல்லும்போது ஏற்படும் உயர மாற்றத்தைக் கிடை மாற்றத்தால் வகுத்து வரும் ஈவே சாய்வு ஆகும். இங்கு உயர மாற்றம் 212 − 32 = 180; கிடை மாற்றம் 100 − 0 = 100. ஆகவே சாய்வு 180/100, அதாவது 9/5. செல்சியஸ் 5 பாகை ஏறும்போதெல்லாம் பாரன்ஹீட் 9 பாகை ஏறும் என்பதே இதன் பொருள்.

அதே கோட்டில் (10, 50), (30, 86) என்னும் வேறு இரு புள்ளிகளைக் கொண்டாலும் 36/20 = 9/5 என்றே வரும். எவ்விரு புள்ளிகளை எடுப்பினும் இவ்விகிதம் மாறாது. இம்மாறாமையே நேர்கோட்டின் இலக்கணம். வளைகோட்டுக்கு இப்பண்பு இல்லை.

கழிக்கும் வரிசையில் மாணவர் கவனமாயிருத்தல் வேண்டும். மேலே எப்புள்ளியிலிருந்து எதனைக் கழித்தோமோ, கீழேயும் அவ்வாறே கழித்தல் வேண்டும். மாற்றிக் கழித்தால் சாய்வின் குறி தவறிவிடும்.

சமன்பாடு

பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1637-ல் வெளியிட்ட வடிவியல் நூலும், அவர் காலத்தவரான பெர்மாவின் ஆய்வும், கோட்டை எண்களால் எழுதும் வழியைத் திறந்தன. அவ்வழி இங்கும் பயன்படும். கோட்டிலுள்ள ஏதேனும் ஒரு புள்ளியை (செ, பா) என்க. அதற்கும் (0, 32)-க்கும் இடையிலும் சாய்வு 9/5 ஆகவே இருத்தல் வேண்டும். எனவே (பா − 32)/செ = 9/5. இதனை மாற்றி எழுதினால், பா = (9/5)செ + 32.

தொடக்கப் புள்ளியாக (10, 50)-ஐக் கொண்டால் பா − 50 = (9/5)(செ − 10). அடைப்பை நீக்கிச் சுருக்கினால் முன்னைய சமன்பாடே மீளும். செ = 37 எனில் பா = 66.6 + 32 = 98.6, இது மனித உடலின் இயல்பு வெப்பமாக வழங்கும் அளவே.

இரண்டும் ஏன் வேண்டும்?

ஒருவரின் உடல்வெப்பம் 37-லிருந்து 39 பாகை செல்சியஸுக்கு ஏறியது எனக் கொள்க. ஏற்றம் 2 பாகை. பாரன்ஹீட்டில் ஏற்றம் எவ்வளவு? வாய்பாட்டை மட்டும் அறிந்தவன் 2-ஐப் பொருத்தி 35.6 என்பான். உண்மையில் 98.6-லிருந்து 102.2-க்கு, அதாவது 3.6 பாகையே ஏறியது. ஒரு வெப்பநிலையை மாற்றுவதற்கு முழுச் சமன்பாடும் வேண்டும்; இரு வெப்பநிலைகளின் வேறுபாட்டை மாற்றுவதற்குச் சாய்வு மட்டும் போதும். 32 இரு பக்கமும் இருப்பதால் கழிக்கும்போது நீங்கிவிடுகிறது.

சாய்வு எதிர்க்குறி பெறுவதும் உண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் செல்சியஸ் 1742-ல் தம் அளவையை வெளியிட்டபோது, நீர் கொதிக்கும் நிலையை 0 எனவும் உறையும் நிலையை 100 எனவும் வைத்தார். பின்னரே அது தலைகீழாக மாற்றப்பட்டது. அவர் வைத்தவாறே இருந்திருப்பின் கோடு (0, 212)-லிருந்து (100, 32)-க்கு இறங்கும்; சாய்வு −9/5; சமன்பாடு பா = 212 − (9/5)செ.

எனவே, சாய்வு கோடு செல்லும் போக்கைக் கூறுகிறது; மற்றோர் எண் அது புறப்படும் இடத்தைக் கூறுகிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி உணர்ந்த மாணவன் வாய்பாட்டை மறந்தாலும், இரு புள்ளிகளைக் கொண்டு அதனைத் தானே மீண்டும் ஆக்கிக்கொள்வான்.