மண்டை, கபாலம், கல்வாரி... தலைக்கு இங்கிலீஷில் இத்தனை பெயர்களா? ஸ்கேன் ரிப்போர்ட்டில் கவனிக்க வேண்டியவை எவை?

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வெளியே காத்திருக்கும் சொந்தக்காரர்கள் தேடுவது ஒரே வார்த்தையைத்தான், ‘ஃப்ராக்சர்’. ‘ஸ்கல் ஃப்ராக்சர் இல்லை’ என்று இருந்துவிட்டால் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும். ஆனால், அதே தாளில் இரண்டு வரி தள்ளி ‘இன்ட்ராக்ரேனியல்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியமும் இருக்கலாம். டாக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இங்கிலீஷில் ‘ஹெட்’, ‘ஸ்கல்’, ‘க்ரேனியம்’ மூன்றையும் நாம் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம். மூன்றும் ஒன்றல்ல. ஹெட் என்றால் முடி, தோல், மூளை எல்லாம் சேர்ந்த முழுத் தலை. ஸ்கல் என்பது எலும்புக்கூடு மட்டும். காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளை விட்டுவிட்டால், இதில் 22 எலும்புகள். அவற்றில் 14 முகத்துக்குரியவை. மீதி 8 எலும்புகள் சேர்ந்து மூளையைப் பெட்டி மாதிரி மூடியிருக்கின்றன. க்ரேனியம் என்று மருத்துவத்தில் பெரும்பாலும் சொல்வது இந்தப் பெட்டியைத்தான்.

‘இன்ட்ரா’ என்றால் உள்ளே. ஆக, ‘இன்ட்ராக்ரேனியல் ஹெமரேஜ்’ என்றால் அந்தப் பெட்டிக்குள் ரத்தக்கசிவு. எலும்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் இது நடக்கலாம். பெரியவர்களுக்கு இந்தப் பெட்டி விரிந்து கொடுக்காது. அதனால் உள்ளே கசியும் ரத்தம் மூளையைத்தான் அழுத்தும். சிலருக்கு அடிபட்ட பிறகு நன்றாக நினைவு திரும்பி, பேசிக்கொண்டிருந்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மோசமாவது இதனால்தான். ‘தலையில லேசான அடிதான், ஓடு உடையல’ என்று வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சில் குழறல் என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காலையில் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்கும்போதும் வார்த்தைகள் குழப்பும். ‘க்ரேனியாட்டமி’ என்றால் எலும்பில் ஒரு பகுதியைத் திறந்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் வைத்து மூடிவிடுவார்கள். ‘க்ரேனியெக்டமி’ என்றால் மூளை வீங்க இடம் கொடுப்பதற்காக எலும்பைத் திருப்பி வைக்காமல் விட்டுவிடுவார்கள். அதைப் பிறகு சரிசெய்வது ‘க்ரேனியோபிளாஸ்டி’. ஒரு எழுத்து மாறினால் வீட்டுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளும் முறையே மாறிவிடும் என்பதால், எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை.

ரிப்போர்ட்டில் ‘கால்வேரியா’ என்றும் ஒரு வார்த்தை வரும். மண்டையோட்டின் மேல்மூடி. லத்தீனில் இதற்கு மண்டையோடு என்று பொருள். இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடத்துக்கு ‘கல்வாரி’ என்ற பெயர் வந்தது இதிலிருந்துதான். தமிழ் பைபிளில் அதே இடம் ‘கபாலஸ்தலம்’. மைக்ரேனும் இதே வீட்டுப் பிள்ளைதான். கிரேக்கத்தில் ‘ஹெமிக்ரேனியா’, அதாவது பாதி மண்டை. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் தேய்ந்து மைக்ரேன் ஆனது. நம் ஊர்க்காரர்கள் இதை ‘ஒற்றைத் தலைவலி’ என்கிறார்கள். எங்கே வலித்தாலும் வலி ஒன்றுதானே!

தலையா, சட்டியா?

பேச்சு வழக்குக்கு வந்தால் இங்கிலீஷ்காரர்களும் நம்மைப் போலத்தான். ‘நட்’, ‘பீன்’, ‘டோம்’, ‘பேட்’, ‘பான்ஸ்’ என்று தலைக்கு ஏகப்பட்ட செல்லப்பெயர்கள். ‘நாகின்’ என்றும் ஒன்று உண்டு (டி.வி சீரியல் பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). இது முதலில் சின்னக் குவளைக்கான பெயர். பிறகுதான் தலையைக் குறிக்க ஆரம்பித்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஹேம்லெட்’ நாடகத்தில் கல்லறைக் காட்சியில் வரும் ‘மேஸர்ட்’ என்ற சொல்லும் மதுக்கிண்ணத்திலிருந்து பிறந்ததுதான். பிரெஞ்சில் தலைக்கு ‘டெத்’. அதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு மண்பானை, ஓடு என்று பொருள். ஜெர்மன்காரர்களின் ‘கோப்ஃப்’ கதையும் கிண்ணத்தில்தான் தொடங்குகிறது.

இதில் ஆச்சரியம், தமிழிலும் இதே கதை என்பதுதான். ‘மண்டை’ என்பது பழந்தமிழில் மண்ணாலான ஒரு கலம், இரப்பவர்கள் ஏந்தும் பாத்திரமும்கூட. ‘கபாலம்’ என்றாலும் மண்டையோடு, பிச்சைப் பாத்திரம் இரண்டும்தான். கையில் கபாலம் ஏந்தியவர் என்பதால் மயிலாப்பூர்க்காரர் கபாலி. ‘ஓடு’ என்றால் தேங்காய் ஓடு, திருவோடு, மண்டையோடு. ஒன்றையொன்று பார்த்திராத ஊர்களில்கூட வழுவழுவென்று உருண்ட கிண்ணத்தைப் பார்த்ததும் மனிதர்களுக்குத் தலைதான் ஞாபகம் வந்திருக்கிறது.

தேர்தல் சமயத்தில் நாம் தினம் சொல்லும் ‘போல்’ என்ற வார்த்தையும் ஒரு காலத்தில் தலையைக் குறித்ததுதான். தலையை எண்ணுவது ஓட்டு எண்ணுவதாக மாறியது. இங்கிலாந்தில் ‘போல் டாக்ஸ்’ என்றால் ஓட்டுக்கான வரி இல்லை, தலைவரி. 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் தலைக்கு ஒரு ஷில்லிங் கேட்டதும் 1381-ல் விவசாயிகள் லண்டனுக்கே படையெடுத்துவிட்டார்கள். 600 வருடங்கள் கழித்து மார்கரெட் தாட்சர் வேறொரு பெயரில் ஒரு வரியைக் கொண்டுவந்தபோதும் மக்கள் அதை ‘போல் டாக்ஸ்’ என்றேதான் அழைத்தார்கள். 1990 மார்ச்சில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தது. அந்த நவம்பரில் தாட்சர் ராஜினாமா செய்தார். இந்த வரியும் அதற்கு ஒரு காரணம்.

நம் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்கு ‘தலைக்கட்டு வரி’ வசூலிக்கும்போதும் கணக்கு தலையில்தான் தொடங்குகிறது. ஒரே வித்தியாசம், இங்கே ஒரு குடும்பத்துக்கே ஒரு தலைதான்.

‘டாட்போல்’ என்ற இங்கிலீஷ் வார்த்தையிலும் அந்தப் பழைய ‘போல்’ ஒளிந்திருக்கிறது. டாட் என்றால் தேரை, போல் என்றால் தலை. குட்டை நீரில் வாலை ஆட்டிக்கொண்டு திரியும் அந்தத் தவளைக்குஞ்சுக்கு நாம் வைத்த பெயர், தலைப்பிரட்டை.