ஜரிகையில் ஓடும் மின்சாரம்

ஆரி வகுப்பு நடத்தும் வாசகி ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. துணியிலேயே சர்க்யூட் தைக்கலாம் என்று மின்னணுவியல் படிக்கும் அவருடைய மகள் சொன்னாளாம். “அப்படியென்றால் என் டப்பாவில் இருக்கும் ஜரிகையில் கரண்ட் பாயுமா?” என்று கேட்கிறார். பொறியியல் கல்லூரியில் எழ வேண்டிய கேள்வி, தையல் டப்பாவிலிருந்து எழுந்திருக்கிறது. அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அசல் ஜரிகை என்றால் தாராளமாகப் பாயும். வெள்ளிக் கம்பியை மயிரிழை அளவுக்கு இழுத்து, தட்டையாக்கி, பட்டு நூலின் மேல் சுற்றி, தங்க முலாம் ஏற்றியது அது. வெள்ளியைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் உலோகம் வேறில்லை. செம்புக் கம்பியில் செய்யும் ‘டெஸ்டட்’ ஜரிகையிலும் பாயும். மேல்பூச்சு கனமாக இருந்தால் தொடும் இடத்தில் மட்டும் லேசாகச் சுரண்ட வேண்டியிருக்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் ஜரிகையில்தான் சிக்கல். பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியத்தை ஆவியாகப் படியவைத்து, நிறப்பூச்சு பூசி, நாடாவாக நறுக்கி அதைச் செய்கிறார்கள். பூச்சு மின்சாரத்தை உள்ளே விடாது. சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒரு சாண் இடைவெளியில் நூலின் மேல் அழுத்திப் பாருங்கள். எண் காட்டினால் அந்த நூல் உங்களுக்குக் கம்பியாகவும் பயன்படும்.

உலோகத்தை நூல்மேல் சுற்றியதில் நம் கைவினைஞர்களின் அறிவு ஒளிந்திருக்கிறது. வெறும் செம்புக் கம்பியைத் துணியில் தைத்தால், நாலு முறை மடித்துப் பிரித்ததும் முறிந்துவிடும். நூலைச் சுற்றிய நாடா அப்படி முறிவதில்லை. மடிக்கும்போது ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கிறது. இழுவையை உள்ளே இருக்கும் பட்டு தாங்கிக்கொள்கிறது. பழைய தொலைபேசியில் கையில் எடுத்துப் பேசும் பகுதியை இணைத்த வளையும் கம்பி நினைவிருக்கிறதா? அதற்குள் இருந்ததும் இதே அமைப்புத்தான்: நூலின் மேல் சுற்றிய மெல்லிய செம்பு நாடா.

இந்த ஒற்றுமையைக் கண்டு பயன்படுத்தியவர்கள் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் இருந்த மேகி ஆர்த், ரெமி போஸ்ட் ஆகியோர். 1990-களின் பிற்பகுதியில், மார்பில் தைத்த பொத்தான்களைத் தொட்டால் இசை எழும் ஜீன்ஸ் ஜாக்கெட் ஒன்றை அவர்கள் குழு செய்தது. பொத்தான்களை மின்சாரம் கடத்தும் நூலால் எம்ப்ராய்டரி போட்டார்கள். பொத்தான்களையும் பேட்டரியையும் ஒலிபெருக்கியையும் இணைக்கக் கம்பி வேண்டுமே? அதற்குப் பட்டு ஆர்கன்சாவை எடுத்துக்கொண்டார்கள். பாவில் வெறும் பட்டு, ஊடையில் உலோகம் சுற்றிய பட்டு. ஊடை இழைகள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளி ஓடுவதால் ஒவ்வொன்றும் தனிக் கம்பியாகிவிடுகிறது. இந்த வகைத் துணி இந்தியாவில் குறைந்தது ஒரு நூற்றாண்டாக நெய்யப்படுகிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அதே காலத்தில் அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக்கில் இன்னொரு முயற்சி நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துச் சென்ற ஜவுளித் தொழில்நுட்பப் பேராசிரியர் சுந்தரேசன் ஜெயராமன், அமெரிக்கக் கடற்படையின் நிதியுதவியோடு 1996-இல் ஒரு சட்டையை நெய்யத் தொடங்கினார். குண்டு துளைத்த இடத்தைக் கண்டறிய ஒளியிழை, இதயத்துடிப்பைப் படிக்கும் உணரிகளை இணைக்கக் கடத்தி இழை என்று எல்லாம் துணிக்குள்ளேயே ஓடின. போர்வீரருக்காகப் பிறந்த அந்தச் சட்டை, பிறகு நோயாளிகளைக் கண்காணிக்கும் உடைகளுக்கு முன்னோடியானது.

இனி, தைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு. ஊசி பிடிப்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை; மின்சாரம் வந்தால் எது மாறுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். இதற்கென்றே விற்கும் நூல்கள் பெரும்பாலும் இரண்டு வகை: துருப்பிடிக்காத எஃகு இழையை முறுக்கியது, நைலான்மேல் வெள்ளி பூசியது. எஃகு நூல் துவைப்பைத் தாங்கும். வெள்ளி பூசியது நன்றாகக் கடத்தினாலும் வியர்வையிலும் காற்றிலும் நாளாக நாளாகக் கறுக்கும். செம்புக் கம்பியில் மின்தடையை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. எஃகு நூலில் மீட்டருக்குச் சில பத்து ஓம் வரை போகும். ஆகவே கோடு நீண்டால் விளக்கு மங்கும். அதே கோட்டில் திரும்ப ஒரு முறை தைத்தால் தடை ஏறக்குறைய பாதியாகும்.

எஃகு நூலில் ஈயப்பற்று ஒட்டாது. எல்.இ.டி.யின் இரு கால்களையும் மூக்குக் குறடால் வளையமாகச் சுருட்டி, அந்த வளையத்தில் மூன்று நான்கு முறை இறுக்கிச் சுற்றித் தைக்க வேண்டும். அந்த இறுக்கம்தான் இணைப்பு; தையல் தளர்ந்தால் விளக்கு சிமிட்டும். முடிச்சுகள் அவிழப் பார்க்கும், ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துவிடுங்கள். வால்நூலை ஒட்ட நறுக்குங்கள். பிளஸ் கோட்டின் பிசிறு மைனஸ் கோட்டைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். கோடுகள் குறுக்கிட வேண்டிய இடத்தில் நடுவே ஒரு துண்டுத் துணி வைத்து மேலே தையுங்கள். மெஷினில் தைப்பதானால் கடத்தி நூலைப் பாபினில் போடுங்கள், மேலே சாதாரண நூல். சட்டைக்கு வைக்கும் உலோகப் பிரஸ் பட்டனே நல்ல சுவிட்ச். மூன்று வோல்ட் காசு பேட்டரி போதும். வீட்டு மின்சாரத்தை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. காசு பேட்டரியைச் சிறு பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். துவைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள்.

விளக்கு எரிவது தொடக்கம்தான். துணிக்குத் தொடு உணர்வையும் ஊட்டலாம். எஃகு இழையும் கம்பளியும் கலந்த நூலில் பின்னிய துண்டை இழுத்தால், அதன் மின்தடை குறையும். நான் சிறுவனாக இருந்தபோது தண்ணீர் லாரி வரும் நாளில் தெருவே வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றி வீட்டுக்கு அனுப்பும். ஆள் ஆளுக்கு இடைவெளி விட்டு நின்றால் ஒவ்வொருவரும் நடந்து கொடுக்க வேண்டும். நெருங்கி நின்றால் குடம் ஓடும். பின்னலில் எஃகு இழைத் துணுக்குகள் அப்படித்தான். தளர்வாக இருக்கையில் அங்கங்கே தொட்டும் தொடாமலும் கிடப்பவை, இழுத்ததும் ஒன்றோடொன்று நெருங்கி மின்சாரத்தைக் கைமாற்றுகின்றன. முழங்காலில் அப்படியொரு பட்டையை மாட்டினால் கால் எவ்வளவு மடங்கியது என்று எண்ணாகப் படிக்கலாம். ஹன்னா பெர்னர்-வில்சன், மிகா சதோமி இருவரும் கோபகான்ட் என்ற பெயரில் இத்தகைய பின்னல் உணரிகளை ஆண்டுக்கணக்கில் செய்து, செய்முறைகளை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்தது வியன்னாவில் பிறந்த ஒரு கணினி. ஐரீன் போஷ், எப்ரு குர்பாக் என்ற இரு பெண்கள் 2018-இல் முடித்த அந்தக் கணினி முழுக்க முழுக்க எம்ப்ராய்டரி. சிலிக்கான் சில்லு ஒன்றுகூட இல்லை. உலோக நூல், கண்ணாடி மணி, உலோக மணி, காந்த மணி ஆகியவற்றால் ஆனது.

டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் சில கணினிகள் ரிலேயால் ஓடின. ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்: சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தம் பிறக்கும், காந்தம் ஒரு தகட்டை இழுக்கும், தகடு இன்னொரு சுற்றை மூடும். கொன்ராட் சூசே பெர்லினில் 1941-இல் இயக்கிக் காட்டிய இசட்3 கணினியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்கள் இருந்தன. வியன்னாப் பெண்கள் அந்த ரிலேயைத் துணியில் தைத்தார்கள். உலோக நூலைச் சுருளாகத் துணிமேல் கிடத்தி, இடையிடையே மெல்லிய நூலால் கட்டிப் பிடித்தார்கள். ஆரி ஃபிரேமில் உட்காரும் எவருக்கும் பழகிய வேலை. சுருளோடு ஒரு காந்த மணி. மின்சாரம் பாயும்போது மணி புரண்டு, ஒரு தொடர்பை விட்டு இன்னொன்றைத் தொடும். ரிலே ஆயிற்று.

ஒரு மணி புரள்வதால் கணக்கு எப்படி வரும்? ஒரே பாதையில் இரண்டு மணிகளை அடுத்தடுத்து வைத்தால், இரண்டும் புரண்டால்தான் மின்சாரம் கடக்கும்: ‘இதுவும் அதுவும்’. இரண்டு பாதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆளுக்கொரு மணி வைத்தால், ஏதாவது ஒன்று புரண்டாலே போதும்: ‘இதுவோ அதுவோ’. புரளும்போது பாதை அறுபடும்படி வைத்தால் ‘இல்லை’. இந்த மூன்றையும் கோத்தால் கூட்டல் வரும், ஒப்பீடு வரும், நிரல்படி நடக்கும் இயந்திரமே வரும். அந்தத் துணி 8 பிட் கணினி. 8 பிட்டில் அடங்கும் எண்கள் 0 முதல் 255 வரை.

அதன் வேகத்தைக் கைபேசியோடு ஒப்பிடுவது பொருளற்றது. நம் கைபேசிக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் என்ன செய்கின்றன என்று யாரும் கண்ணால் கண்டதில்லை. இந்தத் துணியில் ஒவ்வொரு முடிவும் கண்முன் நடக்கிறது. பார்வையாளர்களே நிரல் கொடுத்து, மணி புரள்வதைப் பார்க்கலாம். தங்க எம்ப்ராய்டரியில் பூவும் கொடியும் அழகுக்காக வரும். இங்கே ஒவ்வொரு சுருளுக்கும் கோட்டுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலைதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. கணினி என்றால் என்ன என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல பொருளை நான் பார்த்ததில்லை.

ஊசி பிடித்த கை கணினியைத் தொடுவது இது முதல்முறையும் இல்லை. நிலவுக்குப் போன அப்பல்லோ கலங்களின் நிரல்கள் கம்பியில் பின்னப்பட்டிருந்தன. மாசசூசெட்ஸில் வால்தம் நகர ஆலையில் பெண்கள் காந்த வளையங்களுக்குள் செம்புக் கம்பியைக் கோத்தார்கள். வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. ஒரு கம்பி தவறினாலும் நிரல் தவறு. நினைவகத்தை இப்படிக் கோப்பதைப் பொறியாளர்கள் ‘சின்னப் பாட்டிகள் முறை’ என்று கேலியாக அழைத்தார்கள். உயிர்களைச் சுமந்த வேலைக்கு அந்தப் பெயர்! கைவேலை என்றால் மூளைவேலை இல்லை என்ற அந்தப் பழைய நினைப்பு நம்மிடமும் இருக்கிறது.

அது எவ்வளவு தவறு என்பதற்குக் கணக்கே உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த லியா பீக்லி, துணியில் தைக்கும்படி ஓரமெல்லாம் துளை வைத்த வட்டமான மைக்ரோகன்ட்ரோலர் (நிரல்படி இயங்கும் சிறு கணினிச் சில்லு) பலகையை வடிவமைத்தார். லில்லிபேட் என்ற பெயரில் 2007-இல் அது கடைக்கு வந்தது. பிறகு அவரும் பெஞ்சமின் மேக்கோ ஹில்லும், மக்கள் செய்து வெளியிட்ட படைப்புகளை எண்ணிப் பார்த்தார்கள். ஆர்டுயினோ என்ற வழக்கமான மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் செய்தவற்றில் பெண்களுடையவை 2 விழுக்காடு. லில்லிபேடில் செய்தவற்றில் 65 விழுக்காடு. இரண்டிலும் உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெண்களுக்கு மின்னணுவியலில் ஆர்வமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பொருளின் உருவம் யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்று கேட்க மறந்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூகுளும் லீவைஸும் சேர்ந்து 2017-இல் கைப்பட்டையில் கடத்தி இழை நெய்த ஜாக்கெட்டை விற்றன. 2023-இல் அதற்கான செயலி நிறுத்தப்பட்டது. துணி கிழியவில்லை, இழை அறவில்லை. ஆனாலும் அதன் அறிவு போய்விட்டது. மின்னணுவும் துணியும் ஒட்டிப்போன பொருளை மறுசுழற்சி செய்வதும் கடினம். பழைய துணி எடுப்பவருக்கும் ஆகாது, மின்கழிவு எடுப்பவருக்கும் ஆகாது. தையலில் அந்தக் கவலை குறைவு. தைத்ததைப் பிரிக்கலாம். பலகையைப் பிரஸ் பட்டனில் மாட்டினால் துணி நைந்த பிறகு இன்னொரு துணிக்கு மாற்றலாம். பிரிக்க முடியாதபடி எதையும் செய்யாதீர்கள் என்பது, தைக்கத் தெரிந்த நம் அம்மாக்கள் எல்லோரும் கடைப்பிடித்த ஒழுக்கம். மின்னணுத் துறை அதை இனிமேல்தான் கற்க வேண்டும்.

நம் அரசுப் பள்ளிகளில் தையல் ஆசிரியர் என்று ஒரு பதவி உண்டு. இயற்பியல் ஆசிரியரும் உண்டு. இருவரும் சேர்ந்து ஒரு வகுப்பு எடுத்து நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு காசு பேட்டரி, இரண்டு எல்.இ.டி., ஒரு பிரஸ் பட்டன், கொஞ்சம் எஃகு நூல், ஒரு மல்டிமீட்டர்: இவை போதும். தலைமை ஆசிரியர்களே, இந்தப் பருவத்தில் ஒரே ஒரு பாடவேளை அவர்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். மாணவர், மாணவியர் இருவருக்கும் ஊசி கொடுங்கள்.