சீனப் பட்டும் திபெத்து அங்கியும்

உடுத்த துணியைப் பிரித்து மறுபடி தைப்பது வறுமையின் அடையாளமென நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆனால் திபெத்து நாட்டிலே பிரபுக்கள் விழா நாட்களில் அணிந்த அங்கிகளும், மடங்களில் துறவிகள் ஆடிய 'சாம்' நடனத்திற்குரிய உடைகளும் பல இவ்வாறு உருவானவையே.

குளிர் மிகுந்த திபெத்தில் கம்பளி உண்டு, பட்டு விளைவதில்லை. பட்டு பெரும்பாலும் சீனத்திலிருந்தே வந்தது. வணிகர் கொணர்ந்தது ஒருபாலிருக்க, 1644 முதல் 1912 வரை ஆண்ட சிங் வமிசத்துப் பேரரசர்கள் லாமாக்களுக்கும் பிரபுக்களுக்கும் பட்டாடைகளையும் தைக்காத பட்டையும் பரிசாக அனுப்பினர். அவற்றிற் பலவற்றில் டிராகன் எனப்படும் வலுசர்ப்பம் பொன்னிழையால் ஒளிர்ந்தது. எந்நிறமும் எவ்வகை டிராகனும் எப்பதவியாளருக்கு உரியவை என்பதைச் சீன அரசவை 1759ஆம் ஆண்டில் விரிவாக வகுத்திருந்தது.

சீன அரசவை அங்கிக்கு ஒடுங்கிய கைகளும், குதிரைக் குளம்பு போன்ற கைமுனைகளும் உண்டு. திபெத்தியரின் 'சுபா' எனும் அங்கியோ அகன்றது. கை விரல்களையும் மறைக்கும் நீண்ட கைகளையுடையது. இடையிற் கச்சையால் இறுக்கப்படுவது. எனவே தையற்காரர் சீன ஆடையைப் பிரித்து, வேறு துண்டுகளையும் இணைத்துப் புதிதாய்த் தைத்தார். ஆடையின் அடிவிளிம்பிலிருந்த கடலலைக் கோலம் வேறிடத்துக்கு மாறும். டிராகனின் உடல் தையலிலே துண்டாகும். எஞ்சிய துண்டுகள் திருவுருவப் படங்களின் விளிம்பாகவும், மடங்களின் தூண்களை அலங்கரிக்கும் தொங்கல்களாகவும் பயன்பட்டன.

இந்தச் சிக்கனமே அரும்பொருள்களைக் காத்தது. சீனத்தில் அழிந்துபோன பழம்பட்டுக்கள் திபெத்தின் உலர்ந்த குளிரில், மடங்களின் பேணலில், பல நூற்றாண்டுகள் நிலைத்தன. 1959இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்ததையடுத்து அகதிகளாய்ப் புறப்பட்ட குடும்பங்கள் சில தம் அங்கிகளையும் உடன் கொணர்ந்தன. 1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் மடங்கள் பல இடிக்கப்பட்டன. பின்னர் இப்பட்டுக்கள் உலகச் சந்தைகளை அடைந்தன. 1997இல் கிளீவ்லாந்து நூதனசாலையிலும் 1998இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையிலும் நடைபெற்ற பழம்பட்டுக் கண்காட்சியில், திபெத்திலே காக்கப்பட்டிருந்த துணிகள் பல இடம்பெற்றன.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. அத்தகைய அங்கியின் தையலைப் பிரித்து, பழைய சீன ஆடையை மீண்டும் உருவாக்கலாமா? செய்தால் டிராகன் முழுமை பெறக்கூடும். ஆயின் அதை உடுத்து விழாக் கண்ட திபெத்தியரின் வரலாறு அத்தையலோடு அழியும். பட்டு சீனருடையது, தையல் திபெத்தியருடையது. நெய்தவன் கைத்திறனைப் போற்றும் நாம், அதனை வெட்டித் தைத்துக் காத்தவன் கைத்திறனையும் போற்றுதல் முறையன்றோ? நூதனசாலையிலே இத்தகைய அங்கியைக் காண நேரும் மாணவர்கள், டிராகனைக் கண்டதோடு நில்லாது, அதன் உடலை ஊடறுத்துச் செல்லும் தையலையும் சற்றே நோக்குவார்களாக.