கொடிவழியும் நாட்டு வரலாறும்: ஓர் ஆஸ்திரேலியக் குடும்பத்தின் கதை

என் பேத்தி ஆஸ்திரேலியாவில் ஆர்மிடேல் என்னும் ஊரில் படிக்கிறாள். சிட்னிக்கு வடக்கே சுமார் 500 கிலோமீட்டரில் உள்ள மலைமேட்டு ஊர் அது. மாப்பிள்ளைக்கு அங்குள்ள பல்கலைக்கழகத்தில் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் நான் தில்லியிலிருந்து அங்கே போயிருந்தபோது, பள்ளியில் அவளைக் குடும்ப மரம் ஒன்று வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். "தாத்தா, உங்க தாத்தாவோட தாத்தா பேரு என்ன?" என்று பென்சிலும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். ஐந்து தலைமுறைப் பெயர்களைக் கடகடவென்று ஒப்பித்தேன். எனக்கே பெருமையாகத்தான் இருந்தது. "சரி, பாட்டிங்க பேரெல்லாம் சொல்லுங்க" என்றாள். இரண்டு பெயருக்கு மேல் வாயில் வரவில்லை.

அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார். அவர் வம்சத்தில் அந்த நாட்டுக்கு முதலில் வந்தவர் ஒரு திருடராம்! 1788இல் கைதியாகக் கப்பலில் வந்தவர். அதைத்தான் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். நம் ஊரில் இப்படி ஒரு முன்னோர் இருந்தால் அவர் பெயர் மூன்றாம் தலைமுறைக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வோம், இல்லையா? அவர்களும் வெகுகாலம் அப்படித்தான் செய்தார்களாம்.

பிரிட்டனிலிருந்து கைதிகளோடு புறப்பட்ட 11 கப்பல்கள் 1788 ஜனவரி 26 அன்று சிட்னித் துறையில் கொடியேற்றின. 1868 வரை ஏறத்தாழ 1,62,000 கைதிகள் அந்தக் கண்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கைதியின் பிள்ளை என்பது தீராத கறையாகக் கருதப்பட்டது. ஊர் மாறியும் பெயரை மாற்றியும் மறைத்த குடும்பங்கள் உண்டு. மனம் மாறியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். முதல் கப்பல்களில் வந்தோரின் வழித்தோன்றல்களுக்கென்றே 1968இல் ஒரு சங்கம் தோன்றியது. 1988இல் இருநூறாவது ஆண்டு விழா வந்தபோது கைதி முன்னோரைத் தேடிப் பிடிப்பது நாடு முழுதும் பரவிய ஆர்வமாகிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை. கைதி என்றால் சர்க்கார் எல்லாவற்றையும் எழுதி வைத்தது. பெயர், குற்றம், தொழில், உயரம், கண்ணின் நிறம், உடம்பிலுள்ள தழும்பு வரைக்கும். நம்மில் மிராசுதார் வீட்டுக்குக்கூட இல்லாத வம்ச ஆவணம் அங்கே ஒரு ஏழைத் திருடனின் வீட்டுக்கு இருக்கிறது. 2007இல் யுனெஸ்கோ அந்தப் பதிவேடுகளை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது.

ஹென்றி கேபிள், சூசன்னா ஹோம்ஸ் என்ற இருவர் கதையை அங்கே பலரும் சொல்வார்கள். இங்கிலாந்தில் நாரிச் சிறையில் இருந்தபோது இருவருக்கும் ஒரு குழந்தை பிறந்தது. கப்பல் தலைவர் கைக்குழந்தையை ஏற்ற மறுத்துவிட்டார். சிறைக்காவலரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு லண்டன் போய் அமைச்சரைப் பார்த்து மூவரையும் ஒன்று சேர்த்தார். இரக்கப்பட்ட மக்கள் பணம் திரட்டித் துணிமணி மூட்டை ஒன்றை அனுப்பினார்கள். அது வழியில் காணாமல் போயிற்று. 1788 பிப்ரவரியில் சிட்னியில் திருமணம் செய்துகொண்ட இந்தக் கைதித் தம்பதி, அதே ஆண்டு ஜூலையில் கப்பல் தலைவர் மேல் வழக்குப் போட்டு 15 பவுன் வாங்கினார்கள். அந்த நாட்டின் முதல் உரிமையியல் வழக்கு அதுதான். இங்கிலாந்துச் சட்டப்படி அவர்களைப் போன்ற கைதிகளுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமையே கிடையாது. ஒரு வீட்டின் கொடிவழியும் ஒரு நாட்டின் சட்ட வரலாறும் ஒரே பக்கத்தில் தொடங்குகின்றன.

ஆனால் ஆர்மிடேல் பக்கத்தில் பெரிய குடும்பம் என்றால் அது கைதி வம்சமல்ல. ரைட் குடும்பம். ஊர் நூலகத்தில் நான் முதலில் எடுத்துப் படித்தது அந்தக் குடும்பத்தில் பிறந்த கவிஞர் ஜூடித் ரைட் எழுதிய 'தி ஜெனரேஷன்ஸ் ஆஃப் மென்' என்ற புத்தகத்தைத்தான். 1959இல் வந்தது.

அவருடைய முன்னோரான ஜார்ஜ் விண்டமும் மார்கரெட்டும் 1827இல் தங்கள் சொந்தப் பணத்தோடு கப்பலேறி வந்தவர்கள். ஹண்டர் ஆற்றங்கரையில் டால்வுட் என்ற பண்ணையை அமைத்தார்கள். திராட்சை வைத்து மது வடித்தார்கள். 1840களில் பஞ்சம்போல ஒரு பணமுடை வந்தது. 1845இல் ஜார்ஜ் விண்டம் குடும்பம், வண்டி, மந்தை எல்லாவற்றையும் கிளப்பிக்கொண்டு வடக்கே புது மேய்ச்சல் தேடிப் போனார். அக்காலத்தில் அப்படித்தான். சர்க்கார் அளந்து விட்ட எல்லைக்கு அப்பால் மந்தையை ஓட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட வேண்டியது, பிறகு சர்க்கார் அதற்கு ஒரு உரிமச் சீட்டுக் கொடுக்கும். இவர்களை 'ஸ்குவாட்டர்' என்பார்கள். (நியூ சவுத் வேல்ஸ் பண்ணைக் குதிரைகள்தாம் 'வேலர்' என்ற பெயரில் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கப்பலேறி வந்து, பட்டாளத்துக்கு விற்கப்பட்டன.)

புத்தகத்தின் நாயகர்கள் ஜூடித்தின் தாத்தா ஆல்பர்ட் ரைட்டும் பாட்டி மேயும். திருமணம் 1872இல். குவீன்ஸ்லாந்தில் டாசன் ஆற்றுப் பக்கம் நுலால்பின் என்ற பண்ணையில் குடித்தனம். மழையில்லை, மாட்டுக்கு நோய், கடன்! கடைசியில் தெற்கே திரும்பி ஆர்மிடேலுக்கு அருகே வாங்விபிண்டா என்ற இடத்தில் காலூன்றினார்கள். 1890இல் ஆல்பர்ட் இறந்தார். கடனும் சிறு பிள்ளைகளுமாக நின்ற மே, அந்தச் சொத்தைத் தன் கையில் எடுத்து ஒன்றைப் பலவாக்கினாள். 1901இல் ஆறு காலனிகள் சேர்ந்து ஒரே நாடானபோது மே பாட்டி அந்த வட்டாரத்தின் பெரிய பண்ணைக்காரி. அவள் மகன்களில் ஒருவர் பின்னாளில் பல்கலைக்கழக வேந்தரானார். அவர் மகள்தான் 1915இல் பிறந்த ஜூடித். படிக்கும்போது எனக்கு நம் வீட்டுப் பாட்டிகள்தாம் நினைவுக்கு வந்தார்கள். கணவன் போனபின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நிலபுலத்தைக் காப்பாற்றிய பாட்டி எந்த வீட்டில் இல்லை?

தாத்தாவின் நாட்குறிப்புகளை வைத்துத்தான் ஜூடித் அந்தப் புத்தகத்தை எழுதினார். வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள். காட்டைத் திருத்தி நாடாக்கிய முன்னோடிகள் என்று அந்தத் தேசம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பிய கதைக்கு இந்த வீட்டுக்கதை பொருந்தியிருந்தது. ஆதிகுடிகள் அந்தப் புத்தகத்தில் இல்லாமலில்லை. ஆல்பர்ட்டின் மனத்தை உறுத்தும் நிழலாகவும் வருகிறார்கள். ஆனாலும் அவர்கள் ஓரத்தில் நிற்பவர்கள்தாம். நடுவில் நிற்பது மாடு, மழை, கடன், குடும்பம்.

நான் அத்தோடு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். நூலகத்தில் இருந்த அம்மாள், "இதை மட்டும் படித்தால் போதாது" என்று சொல்லி, அதே ஆசிரியர் 1981இல் எழுதிய இன்னொரு புத்தகத்தையும் கையில் வைத்தார். பெயர் 'தி க்ரை ஃபார் தி டெட்'. பிரித்தால் அதே குடும்பம், அதே பண்ணை, அதே நாட்குறிப்பு!

இரண்டு புத்தகங்களுக்கும் நடுவே 22 ஆண்டுகள். அந்த இடைவெளியில் நாடு மாறியது, ஜூடித்தும் மாறினார். ஊட்ஜரூ நூனுக்கல் என்ற ஆதிகுடிக் கவிஞரின் கையெழுத்துப்படி அச்சேறாமல் ஜூடித்திடம் மதிப்பீட்டுக்கு வந்தது. அவர் பரிந்துரைக்க, 1964இல் வெளியாயிற்று. இருவரும் உடன்பிறவாச் சகோதரிகள் ஆனார்கள். 1967இல் ஆதிகுடிகளையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்ப்பது, மத்திய அரசு அவர்களுக்காகச் சட்டம் இயற்றலாம் என்பது ஆகிய இரண்டுக்குமாக வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆம் என்று விழுந்தது. மறு ஆண்டு ஸ்டானர் என்ற மானிடவியலாளர் வானொலிச் சொற்பொழிவுகளில், நம் வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு பெரிய மௌனம் இருக்கிறது என்று போட்டு உடைத்தார்.

அந்த மௌனம் தன் தாத்தாவின் நாட்குறிப்பிலும் இருப்பதை ஜூடித் பார்த்தார். பண்ணை நாட்குறிப்பு எப்படி இருக்கும் தெரியுமா? நம் வீட்டுக் கணக்கு நோட்டு மாதிரிதான். இன்று மழை, மாடு இத்தனை, ஆள் இத்தனை. நடுவே எப்போதாவது ஆதிகுடிகளைப் பற்றி அரை வரி. இந்த முறை அவர் அந்த அரை வரிகளுக்குப் பக்கத்தில் காலனி அரசின் அறிக்கைகளையும், பழைய செய்தித்தாள்களையும், மற்றக் குடியேறிகளின் எழுத்துகளையும் வைத்துப் படித்தார். தாத்தா மாடு மேய்த்த மண் வாஜா என்ற மக்களின் மண். அவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் இரண்டாவது புத்தகம்.

இதைப் புரிந்துகொள்ள டாசன் ஆற்றுப் பக்கத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1857 அக்டோபரில் ஹார்னெட் பேங்க் என்ற பண்ணையில் ஃப்ரேசர் குடும்பத்தாரும் உடனிருந்தவர்களுமாக 11 பேரை ஜீமன் மக்கள் கொன்றார்கள். 1861இல் கலின்லாரிங்கோ என்ற இடத்தில் 19 குடியேறிகள் கொல்லப்பட்டார்கள். இவை இரண்டும் அந்நாட்டில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டவை, கல் நட்டு நினைவுகூரப்பட்டவை. அவற்றுக்குப் பழிவாங்கலாகப் பல மாதங்கள் நடந்த வேட்டையில் மாண்ட ஆதிகுடிகளோ பல மடங்கு; அவர்கள் பெயர்களை யாரும் எழுதவில்லை. அந்த வேட்டையில் முன்நின்றது 1848இல் அமைக்கப்பட்ட 'நேட்டிவ் போலீஸ்' படை. அதிகாரிகள் வெள்ளையர்கள், துப்பாக்கி ஏந்தியவர்கள் வேறு வட்டாரத்து ஆதிகுடி இளைஞர்கள். ஊரானைக் கொண்டே ஊரானை அடக்கும் வித்தை நமக்கு ஒன்றும் புதிதல்ல. துப்பாக்கிக்குத் தப்பியவர்களை நோயும் பட்டினியும் பார்த்துக்கொண்டன. மந்தை குடித்த பின் குட்டையில் தண்ணீர் ஏது? ஆடுமாடு மிதித்த மண்ணில் கிழங்கு ஏது?

ஜூடித் தாத்தாவைத் திட்டவில்லை. இது எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆல்பர்ட் கடனோடு மல்லாடிய நல்ல மனிதர் என்பது இரண்டாவது புத்தகத்திலும் மாறவில்லை. அந்த நல்ல மனிதர் நின்ற இடம் எப்படிக் காலியாயிற்று என்பதை மட்டும் சேர்த்து எழுதினார். எழுதியதோடு விடவும் இல்லை. ஆதிகுடிகளோடு அரசு உடன்படிக்கை செய்ய வேண்டும் என்று 1979இல் அமைந்த குழுவில் முன்நின்று உழைத்தார். 2000இல், 85 வயதில், இறப்பதற்குச் சற்று முன்பும் கான்பெராவில் நடந்த நல்லிணக்க ஊர்வலத்தில் கலந்துகொண்டார்.

கொடிவழி என்பது வெள்ளையர் வீட்டுச் சொத்து மட்டுமல்ல என்பதற்கு இன்னொரு கதை உண்டு. அதில் நம் நீலகிரியும் வருகிறது. 1898இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஓர் ஆய்வுக்குழு ஆஸ்திரேலியாவின் வடமுனைக்கு அப்பால் உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போயிற்று. அதில் ரிவர்ஸ் என்ற மருத்துவர் மெர் என்னும் சின்னத் தீவில் வீடு வீடாக அப்பன் யார், அம்மா யார், தாத்தா யார் என்று கேட்டு எழுதினார். மானிடவியலில் 'கொடிவழி முறை' என்று இன்றும் சொல்லப்படுவது அவர் அங்கே தொடங்கியதுதான். அதே முறையை எடுத்துக்கொண்டு 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் உட்கார்ந்தார். 1906இல் தோடர்களைப் பற்றிய அவர் நூல் கொடிவழி அட்டவணைகளோடு வெளிவந்தது.

அந்த மெர் தீவில் 1936இல் பிறந்தவர் எடி மாபோ. டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்டவேலை பார்த்தவர். தீவில் தன் குடும்பத்துக்கு உள்ள நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சட்டப்படி அது அரசின் நிலம் என்று பேராசிரியர் ஒருவர் சொல்ல, ஆடிப்போனார். 1982இல் அவரும் தீவினர் நால்வரும் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கின் உயிர்நாடியே கொடிவழிதான். யாருக்கு யார் பிள்ளை, யார் சொல்லி எல்லைக்கல் எது என்று தெரியும்? வாய்மொழியாகச் சொன்னதை எல்லாம் அரசுத் தரப்பு 'கேள்விச் சாட்சியம்' என்று ஆட்சேபித்தது. ரிவர்ஸ் குழுவினர் 80 ஆண்டுக்கு முன் எழுதி வைத்த ஏடுகளும் அந்த வழக்கில் எடுத்துப் பார்க்கப்பட்டன. மாபோவைக் குழந்தையிலேயே தாய்மாமன் சுவீகாரம் எடுத்திருந்தார். அந்தத் தத்து உரிமையை விசாரணை நீதிபதி 1990இல் ஏற்கவில்லை. பெயர் கொடுத்தவரின் சொந்த உரிமையே அங்கு விழுந்துவிட்டது. ஆனாலும் தீவு மக்களின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நின்றது. 1992 ஜூன் 3 அன்று, ஆங்கிலேயர் வந்தபோது அது யாருக்கும் உரிமையில்லாத மண் என்ற கொள்கையை ஆறு நீதிபதிகள் தள்ளினார்கள். ஒருவர் மட்டும் மாறுபட்டார். மாபோ அதே ஆண்டு ஜனவரியில் புற்றுநோயால் இறந்திருந்தார்.

ரைட் குடும்பத்துக்கு நாட்குறிப்பு இருந்தது, கைதி வீட்டுக்குச் சிறைப் பதிவேடு இருந்தது. மெர் தீவுக்காரருக்குத் தன் நினைவும் அந்நியர் எழுதிய அட்டவணையும். வாஜா மக்களுக்கு அதுவும் இல்லை.

பேத்தியின் பள்ளி விழாவுக்குப் போனேன். தொடக்கத்தில், நாம் நிற்பது அனைவான் மக்களின் மண் என்று ஒரு சிறுமி மேடையில் சொல்லிவிட்டுத்தான் நிகழ்ச்சியை ஆரம்பித்தாள். சுவரில் மற்றப் பிள்ளைகளின் மரங்களோடு எங்கள் மரமும் தொங்கியது. இரண்டு பாட்டிகளோடு.

தில்லி திரும்பியதும் பரணில் கிடந்த என் தாத்தாவின் கணக்கு நோட்டை எடுத்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்து நிலம். 1930களின் வரவு செலவு. சிறு வயதிலிருந்து பார்த்த நோட்டுதான். அறுவடைக் கூலியாக இத்தனை மரக்கால் நெல் என்று பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள் இருக்கின்றன, பாதிக்கு மேல் பெண்கள். எதற்கும் முன்னெழுத்து கிடையாது, அப்பன் பெயர் கிடையாது. சில பெயர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வருகின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. இதுவரை 43 பெயர்களைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பாட்டிகளின் பெயர் அந்த நோட்டிலும் இல்லை. ஊரில் இன்னும் இருக்கும் என் அத்தைக்கு வயது 91. வருகிற தை மாதம் போய் அவளைக் கேட்க வேண்டும்.