மழைக்காலத்தில் டயாலிசிஸ் தடைபடாதிருக்க

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும். தமிழகம் கண்ட பெருவெள்ளங்களும் புயல்களும் பெரும்பாலும் இம்மாதங்களிலேயே நேர்ந்துள்ளன. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலால் டெல்டா மாவட்டங்களின் பல சிற்றூர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை முடக்கியது. அதையடுத்த இரு வாரங்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது.

மழைக்கு முன் அரிசியும் குடிநீரும் வாங்கி வைப்பது எல்லாக் குடும்பங்களுக்கும் வழக்கம். டயாலிசிஸ் பெறுவோர் உள்ள குடும்பங்கள் மேலும் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். நான்கு மணி நேரச் சிகிச்சை ஒன்றுக்கு ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரிக்கப்பட்ட நீரும், தடையற்ற மின்சாரமும், பயிற்சி பெற்ற பணியாளர்களும் தேவை. சாலையில் வெள்ளம் தேங்கினால் நோயாளி வர இயலாது; பணியாளரும் வர இயலாது.

முன்கூட்டியே வாருங்கள்

வானிலை ஆய்வு மையம் உங்கள் மாவட்டத்திற்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், உங்களுக்குரிய நாள் வரட்டும் என்று காத்திராதீர்கள். உடனே டயாலிசிஸ் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, சிகிச்சையை முன்னதாகவே பெற இயலுமா என்று கேளுங்கள். 2012இல் சாண்டி புயல் அமெரிக்காவின் நியூயார்க், நியூஜெர்சி பகுதிகளைத் தாக்குவதற்கு முன், பல நிலையங்கள் நோயாளிகளை முன்கூட்டியே வரவழைத்துச் சிகிச்சை அளித்தன. அவ்வாறு பெற்றோரிடையே, பின்னர் அவசரச் சிகிச்சையை நாட நேர்ந்தவர்களும் இறந்தவர்களும் மற்றவர்களைவிடக் குறைவு என ஆய்வில் தெரியவந்தது.

“ஒரு முறைதானே, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று எண்ணிச் சிலர் தள்ளிப்போடுகின்றனர். இரத்தத்தில் பொட்டாசியம் உயரும்போது எந்த அறிகுறியும் தோன்றாமலே இதயத் துடிப்பு தடுமாறக்கூடும். ஆகவே உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றுவதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

சிகிச்சை தாமதமானால் உணவு

நிவாரணமாகக் கிடைக்கும் பொருள்கள் அனைத்தும் சிறுநீரக நோயாளிக்கு ஏற்றவையல்ல. இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு, தக்காளி, கீரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலத்திலும், சோடியம் குறைந்தது எனக் கடைகளில் விற்கப்படும் உப்பிலும் பொட்டாசியம் உண்டு. ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் ஆகியவற்றின் உப்பு தாகத்தைக் கூட்டும். தாகம் தண்ணீரைக் கூட்டும்.

அடுத்த சிகிச்சை கிடைக்கும்வரை பச்சரிசிச் சோறு, ரவை உப்புமா, இட்லி, ரொட்டி ஆகியவற்றைச் சிறு அளவில் உண்ணலாம். பருப்பையும் இறைச்சியையும் குறைத்துக்கொள்ளுங்கள். காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமையுங்கள். உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட நீரளவில் பாதியை மட்டும் அருந்துங்கள். கஞ்சி, ரசம், தேநீர் ஆகியனவும் அக்கணக்கில் சேரும். நீரிழிவும் உள்ளவர்கள் வேளை தவறாமல் உண்டு, சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது சில நாட்களுக்கான தற்காப்பு மட்டுமே. டயாலிசிஸுக்கு மாற்று ஆகாது.

நெகிழி உறைக்குள் ஒரு தாள்

வேறொரு மருத்துவமனையில் சிகிச்சை பெற நேர்ந்தால், அங்கு முதலில் கேட்கப்படுவது மஞ்சள்காமாலைக் கிருமிகளான பி, சி மற்றும் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள். அவை கையில் இல்லையெனில், எந்த இயந்திரத்தில் சிகிச்சை அளிப்பது என்று முடிவு செய்வதிலேயே நேரம் கழியும். அம்முடிவுகளின் நகல், இரத்த வகை, டயாலிசிஸ் செய்யும் நாட்கள், சிகிச்சைக்குப் பின் இருக்கவேண்டிய எடை, மருந்துப் பட்டியல், ஒவ்வாமை விவரம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையின் நகல் ஆகியவற்றை நீர் புகாத உறையில் வையுங்கள். அவற்றைப் படமெடுத்து உறவினர் ஒருவரின் கைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள். இரு வாரத்துக்கான மருந்துகளும் அதனுடனேயே இருக்கட்டும்.

முகாமில் தங்க நேர்ந்தால், அங்குள்ள மருத்துவக் குழுவிடம் நீங்கள் டயாலிசிஸ் பெறுபவர் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையில் ஊசி போடவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ இடம் தராதீர்கள். கழுத்தில் குழாய் உள்ளவர்கள் அவ்விடத்தில் வெள்ளநீர் படாமல் காக்க வேண்டும். வலிநிவாரணி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ள வேண்டாம்.

அக்கம்பக்கத்தாரின் உதவி

உங்கள் தெருவில் இருவருக்கேனும் சிகிச்சை நாட்களைத் தெரிவித்து வையுங்கள். தண்ணீர் தேங்கினாலும் செல்லக்கூடிய டிராக்டரோ லாரியோ யாரிடம் உள்ளது என்பதை மழைக்கு முன்பே கேட்டறியுங்கள். வார்டு உறுப்பினரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ பெயரைப் பதிந்து வைத்தால், மீட்புப் படகு வரும்போது முன்னுரிமை கோர எளிதாகும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070.

படுத்தால் மூச்சுத்திணறல், கைகால் தளர்ச்சி, நெஞ்சு படபடப்பு, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் நள்ளிரவானாலும் 108ஐ அழையுங்கள். நீர் வடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்த முறை சிகிச்சைக்கு வரும்போது மேற்சொன்ன தாளைச் செவிலியரிடம் கேளுங்கள். விவரங்களை நிரப்பித் தருகிறோம்.