மரிக்கொழுந்துப் பாசியும் மறதி நோயும்

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம், மதுரைக்குக் கிழக்கே. அங்கே உயிரித்தொழில்நுட்பப் பேராசிரியர் பாண்டிமா தேவியின் ஆய்வு மாணவர்கள் அல்சைமர் என்ற மறதி நோய்க்கு மருந்து தேடியது கடற்பாசியில்!

ஏன் பாசி? வெயிலையும் உப்பையும் அலையையும் தாங்கி வாழ, அது பலவகை வேதிப்பொருள்களைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மன்னார் வளைகுடாப் பெண்கள் அகர் என்னும் கூழ்ப்பொருள் தயாரிப்புக்காகக் கடலில் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் இப்படித்தான் ஆய்வகத்துக்கு வந்தது.

எப்படிச் சோதிக்கிறார்கள்? நினைவாற்றலுக்கு வேண்டிய அசிட்டைல்கோலினை மூளையில் ஒரு நொதி உடைக்கிறது. அல்சைமர் வந்தவர்களுக்கு அந்தப் பொருள் ஏற்கெனவே குறைவு. நொதியை அடக்கினால், இருப்பதாவது கொஞ்சம் நீடிக்கும். டாக்டர்கள் எழுதித்தரும் டோனெபெசில் மாத்திரை செய்வதும் அதுதான். சோதனையில் நொதி வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும். பாசிச் சாறு சேர்த்ததும் மஞ்சள் வெளிறினால், நொதி அடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்த சோதனை, ஆய்வகத்தில் வளர்க்கும் ஒரு சிறு புழுவில். ஒரு மில்லிமீட்டர் நீளம், 302 நரம்பணுக்கள், இரண்டு மூன்று வார ஆயுள். அல்சைமரோடு தொடர்புள்ள, மனிதரின் அமிலாய்டு புரதம் சுரக்கும்படி மரபணு மாற்றிய புழுக்களை 16 டிகிரியில் வளர்த்து, 25 டிகிரிக்கு ஏற்றினால் அவை முடங்கத் தொடங்கும். நுண்ணோக்கியில் கண் பதித்து, மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாகத் தொட்டு, அசையாதவற்றை எண்ண வேண்டும். பாசிச் சாறு தின்ற புழுக்கள் தாமதமாக முடங்கினால் அது நல்ல செய்தி. மணிக்கணக்கில் இழுக்கும் இந்த வேலைக்கு அசாத்தியப் பொறுமை வேண்டும்.

அதற்காகப் பாசியை வாங்கித் தின்றால் மறதி போய்விடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் கண்டதையும் விடாத தடுப்பைப் பாசியிலுள்ள வேதிப்பொருள் முதலில் தாண்டியாக வேண்டும்.