வெயிட்டு பார்ட்டியா? ஸ்பிரிங்கை மாத்துங்க பாஸ்!

கோமுகி அணை தாண்டி வெள்ளிமலை வரைக்கும் சைக்கிள் மிதிக்க ஆசையா? ‘நூறு கிலோ உடம்புக்கு கல்வராயன் மலை கேக்குதா?’னு ஃப்ரெண்ட்ஸ் கலாய்ப்பாங்க. கண்டுக்காதீங்க! பிரச்னை உங்க உடம்புல இல்லை, ஃபோர்க்குக்குள்ள இருக்கிற ஸ்பிரிங்குல.

பட்ஜெட் மவுன்டெயின் பைக்குல வர்ற காயில் ஸ்பிரிங், பெரும்பாலும் நடுத்தர எடைக்குத்தான். நீங்க உட்கார்ந்ததுமே நிறைய அமுங்கிடும். இறக்கத்துல ஒரு கல் இடிச்சா, மேற்கொண்டு அமுங்க இடமில்லாம ‘டங்’! அதிர்ச்சி நேரா மணிக்கட்டுக்கு. ஹேண்டில்பார் சொன்ன பேச்சு கேக்காது.

செக் பண்றது ஈஸி. ஃபோர்க்கோட வழவழ குழாய்ல ஒரு கேபிள் டையைக் கட்டி, அடி வரைக்கும் தள்ளுங்க. ஒருத்தர் பைக்கைப் பிடிச்சுக்க, மெதுவா ஏறி, பெடல்ல நின்னு, மெதுவா இறங்குங்க. டை நகர்ந்த தூரம்தான் ‘சாக்’. 100 மி.மீ. ஃபோர்க்குல 20 - 30 மி.மீ. வரைக்கும் ஓகே.

அதிகமா இருக்கா? ‘பிரீலோடு நாபைத் திருகுனா போதும்’னு சிலர் சொல்வாங்க. அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கும், அவ்ளோதான். பிளஸ் ஒன்ல படிச்ச ஹூக் விதி ஞாபகமிருக்கா? ஸ்பிரிங் மாறிலி மாறவே மாறாது! உங்க மாடலுக்குக் கடினமான ஸ்பிரிங் கிடைச்சா, அதை மாத்துறதுதான் செலவு கம்மி.

கிடைக்கலைன்னா காத்து ஃபோர்க். 1990-ல அமெரிக்காவின் டுராங்கோவுல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல, இறக்கப் போட்டியை கிரெக் ஹெர்போல்டு ஜெயிச்சது ராக்‌ஷாக்ஸோட காத்து ஃபோர்க்கை நம்பித்தான். ஷாக் பம்ப் இருந்தா எடைக்கேத்த பிரஷரை நீங்களே ஏத்திக்கலாம். ஏத்தின கையோட ரீபவுண்டையும் கொஞ்சம் மெதுவாக்குங்க. இல்லேன்னா ஃபோர்க் துள்ளும்.

வாங்குறதுக்கு முன்னாடி வீல் சைஸ், ஸ்டீயரர் குழாய் அளவு, பைக்கோட எடை வரம்பு மூணையும் பார்த்துடுங்க. பாக்கெட் மணி பத்திரம் பாஸ்!